இடது கைப் பிள்ளைங்க

வேண்டாம்மா, அந்த மருந்துச் சீட்டை இங்க குடுங்க. வாசிச்சுச் சொல்லுதேன்னீங்களே, அது உங்க நல்ல மனசு. ஆனா இதை வாசிக்க வேண்டியவ வேற ஒருத்தி. நீலச் சேலை கட்டி, கழுத்துல அட்டை தொங்கவிட்டு, ஒரு பொம்பளை அந்தக் கதவு வழியா வருவா. வந்தா எனக்குச் சொல்லுங்க. பேரு இசக்கித்தாய், இந்தக் கண் ஆஸ்பத்திரியிலதான் வேலை. எனக்கு ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணுல புகை. ஆள் வந்து நின்னாலும் நிழலாத்தான் தெரியும்.

எழுத்துத் தெரியாத பொம்பளைன்னு நெனச்சிராதீங்க. எம்.ஏ. இங்கிலீஷ். முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கவும் எழுதவும் சொல்லிக் குடுத்தவ. உப்பளத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், பேரு எதுக்கு, விடுங்க. ஞானதீபம் டீச்சர்னு கேட்டா இன்னைக்கும் அந்த ஊர்ல வழி காட்டுவாங்க. பேரைப் பாருங்க, ஞானதீபம். எங்க அப்பா ரொம்ப ஆசைப்பட்டு வச்சது. அவரு நல்ல மனுஷன், அவரை ஒண்ணும் சொல்லக் கூடாது.

நீங்க யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க? மாமியாருக்கா. நல்லாருங்கம்மா. எனக்குத் துணைக்கு ஆள் இல்ல. மகன் மஸ்கட்ல இருக்கான், போன்ல கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கோம்மாங்கான். அவன் சொல்லிட்டா கண்ணு கேட்ருமா?

அந்த இசக்கித்தாய் என்கிட்டப் படிச்ச பிள்ளை. படிச்சான்னு சொல்லக் கூடாது. என் வகுப்புல இருந்தா. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, சொல்லுதேன் கேளுங்க.

எங்க பிள்ளைங்கல்லாம் உப்பளத்துக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க. வீட்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதுல விழாது. தீப்பெட்டியில இருக்கிற எழுத்தும் பஸ்ல எழுதியிருக்கிற எழுத்தும்தான் அதுங்க பாத்த இங்கிலீஷ். ஆறாம் வகுப்புக்கு வரும்போது பாதிக்குப் பாதி ஏ, பி, சி, டியைப் பாட்டாச் சொல்லும், எழுத்தைக் காட்டிக் கேட்டா முழிக்கும். நாப்பத்தாறு பிள்ளைங்க. ஒரு டீச்சர். முக்கால் மணி நேரம். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க.

அதனால ஒரு வழி வச்சிருந்தேன். நானாக் கண்டுபிடிச்சதில்ல, எனக்கு முன்னாடி இருந்த டீச்சர் சொல்லித் தந்தது. சுத்துப்பட்டுல எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு, ஒருத்தரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. ஆய்வுக்கு அதிகாரி வருவாருல்லா, அவரு கேள்வி கேட்டா வகுப்புல எல்லாரும் கையைத் தூக்கணும். ஒரு கை கீழ இருக்கக் கூடாது. தெரிஞ்ச பிள்ளை வலது கை. தெரியாத பிள்ளை இடது கை. நான் வலது கையாப் பாத்து எந்திரிக்கச் சொல்லுவேன். அதிகாரிக்கு எந்தக் கைன்னா தெரியப் போவுது? நாப்பத்தாறு கை மேல போனதைப் பாத்தே மனுஷன் குளுந்துருவாரு. ஆய்வு வருதுன்னா முதல்ல சுவருக்கு வெள்ளையடிப்போம், பிறகு பிள்ளைங்களுக்கு வெள்ளையடிப்போம். சிரிக்கீங்கல்லா? நாங்களும் டீச்சர்மாருக ரூம்ல உக்காந்து இப்படித்தான் சிரிப்போம்.

யாரு வலது, யாரு இடதுன்னு ஜூன் மாசமே முடிவு பண்ணிருவேன். ஒவ்வொருத்தரா நிப்பாட்டி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவேன். வாசிச்சா வலது. திக்கினா இடது. வருகைப் பதிவேட்டுல பேருக்கு முன்னாடி பென்சிலால சின்னதா ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மூணு வருஷத்துக்கு மாறாது. மாத்தணும்னு எனக்குத் தோணினதே இல்ல.

ஒண்ணு சொல்லுதேன். இடது கைப் பிள்ளைங்களை நான் ஒருநாளும் அடிச்சதில்ல. மத்த டீச்சர்மாருக ஸ்கேலை எடுத்துக்கிட்டு நிப்பாங்க. நான் அப்படி இல்ல. கேள்வியே கேக்கதில்ல, பிறகு அடிக்கிறதுக்கு என்ன இருக்கு? பாவம், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்ருவேன். போர்டுல எழுதிப் போட்டதைப் பாத்து எழுதச் சொல்லுவேன். நாலு கோடு நோட்டுல முத்து முத்தா எழுதுவாளுவ. கையெழுத்துக்குன்னு எங்க பள்ளிக்கூடம் ரெண்டு தடவை பரிசு வாங்கிச்சு. என்ன எழுதுதோம்னு அதுல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா எழுத்து அவ்வளவு அழகு.

இசக்கித்தாய் இடது கை. ஆறாம் வகுப்புல அவளை வாசிக்கச் சொன்ன அன்னைக்குப் புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. வாயே திறக்கல. புள்ளி வச்சேன், உக்காருன்னேன், அவ்வளவுதான். மெலிஞ்ச பிள்ளை, தலைக்கு எண்ணெய் கூட இருக்காது. அப்பனும் ஆத்தாளும் உப்பு வாருறவங்க. கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு, ஜெனோவாவுக்குப் பக்கத்துல இருப்பா. ஜெனோவா என் வலது கைப் பிள்ளைங்கள்ல முதல் பிள்ளை.

பிறகு ஏழாம் வகுப்பு. ஐப்பசி மாசமா இருக்கும், வெளிய மழை. மணியடிச்சு எல்லாம் போனப்புறம் இவ மட்டும் என் மேசைகிட்ட வந்து நின்னா. பதினோராம் பாடம் ஒண்ணு உண்டு. ஒரு வியாபாரி கழுதையில மூட்டை ஏத்திக்கிட்டு வருவான், பாலத்துல பாதி வழியில கழுதை நின்னுரும், அவன் போட்டு அடிப்பான். பாலம் முன்னாடி உடைஞ்சு கிடக்கும், அது கழுதைக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தப் பாடத்தை நான் இன்னும் நடத்தல. இவ வந்து கேக்கா: "டீச்சர், கழுதைக்குத் தெரியும்னு அவனுக்கு ஏன் தெரியல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு யாருட்டி இந்தக் கதையைச் சொன்னதுன்னு கேட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சரி, போ, மழை வருதுன்னு அனுப்பிட்டேன். யாரும் சொல்லல. அவளே வாசிச்சிருக்கா. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? இடது கைப் பிள்ளைல்லா. அதான் தோணல.

அவ எப்படிக் கத்துக்கிட்டான்னு பிறகு ஜெனோவா சொன்னா. சத்துணவுல முட்டை போடுற நாள்ல தன் முட்டையை ஜெனோவாவுக்குக் குடுத்துருவாளாம். அதுக்குப் பதிலா ஜெனோவா அவளுக்கு ஒரு பக்கம் விரல் வச்சு வாசிச்சுக் காட்டணும். ஒரு முட்டைக்கு ஒரு பக்கம். நான் அரசாங்கத்துச் சம்பளம் வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுக்காததை அந்தப் பிள்ளை பட்டினி கிடந்து கத்துக்கிட்டிருக்கு.

அந்த வருஷம் மார்கழியில ஆய்வு. வந்த அதிகாரி விவரமான ஆளு. நாங்க தயார் பண்ணி வச்ச பாடத்தை விட்டுட்டுப் புஸ்தகத்தைப் புரட்டி, இதை யாரு வாசிப்பான்னு பதினோராம் பாடத்துல விரலை வச்சாரு. நான் இன்னும் நடத்தாத பாடம். அதுக்குள்ள நாப்பத்தாறு கையும் மேல போயாச்சு, அதெல்லாம் பழக்கம். நான் வலது கையா எண்ணிக்கிட்டு வாரேன், பாத்தா இசக்கித்தாய் வலது கையைத் தூக்கிருக்கா. முழங்கை கூட மடங்கல. நேரா.

எனக்கு என்ன தோணிச்சுன்னு மறைக்காமச் சொல்லுதேன். இந்தக் கழுதைக்குப் பயத்துல கை மாறிப் போச்சுன்னு நெனச்சேன். அதிகாரி அவளையே பாத்து, நீ எந்திரின்னு கையைக் காட்டிட்டாரு. அவ எந்திரிச்சுட்டா. புஸ்தகத்தைக் கூட விரிச்சுட்டா.

நான் சொன்னேன்: "ஐயா, அந்தப் பிள்ளை வேண்டாம்யா. அதுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு."

சொல்லிட்டேன். அத்தனை பிள்ளைங்க முன்னாடி. மெதுவாக் கூடச் சொல்லல. அதிகாரி அப்படியான்னுட்டு ஜெனோவாவை வாசிக்கச் சொன்னாரு, அவ தட்டுத் தடுமாறி வாசிச்சா, அவரும் பரவால்லன்னு எழுதிட்டுப் போனாரு. ஆனா இவ உக்காரல. கையையும் இறக்கல. அதிகாரி வகுப்பை விட்டுப் போற வரைக்கும் அந்த வலது கை மேலயே நிக்கி. நான்தான் போயி வெடுக்குன்னு பிடிச்சு இறக்கினேன். வலது எது இடது எதுன்னு கூடத் தெரியாதாட்டின்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது. அவ அழலம்மா. என்னைப் பாத்தா. பாத்துட்டுப் புஸ்தகத்தை மூடினா.

மறுநாள்ல இருந்து வரல.

தண்ணி கொஞ்சம் இருக்கா? போதும், போதும். நாக்கு வறண்டு போச்சு.

இது வரைக்கும் நான் ரெண்டு மூணு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன். எங்க பாஸ்டரம்மாகிட்டக் கூடச் சொன்னேன். தெரியாமச் செஞ்சதுதானே டீச்சர், விடுங்கன்னாங்க. நானும் தெரியாமத்தான் செஞ்சேன்னு சொல்லிச் சொல்லி அதையே நம்பிக்கிட்டேன். மீதியை யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க நாளைக்கு என்னைப் பாக்கப் போறதில்ல, அதனால சொல்லுதேன்.

பிள்ளைங்க வராம இருந்தா டீச்சர்தான் வீட்டுக்குப் போயிக் கூட்டிட்டு வரணும். எங்க பெரிய டீச்சர், அதான் ஹெட்மிஸ்ட்ரஸ், அதுல கறார். மூணு வாரம் பாத்துட்டு என்னை அனுப்பினாங்க. உப்பளத்து ஓரத்துல வரிசையா வீடு. வெயில் வெள்ளை வெளேர்னு கண்ணைக் கூசுது. இசக்கித்தாய் வீட்டுக்குக் கதவு இல்ல, சாக்கைப் பிரிச்சுத் தொங்க விட்டிருந்தாங்க. கூப்பிடலாம்னு வாயைத் திறக்கேன், உள்ள இருந்து சத்தம் வருது. இங்கிலீஷ். அதே பதினோராம் பாடம். வாசிக்கா. ஒரு வரி இங்கிலீஷ்ல வாசிச்சு, அதுக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லி, பிறகு அடுத்த வரி. உள்ள நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க போல, கழுதையைப் போட்டு அடிக்கிற இடத்துல ஒருத்தி, அய்யோ பாவின்னா.

ஜெனோவா கூட அப்படி வாசிச்சதில்ல. நான் நடத்தினா கூட அப்படி இருக்காது. நிறுத்துற இடத்துல நிறுத்தி, தூக்குற இடத்துல தூக்கி வாசிக்கா. நான் நிக்க நிக்கக் குரல் இன்னும் கணீர்னு வருது. உப்பளம் முழுக்கக் கேக்கும் போல.

நான் உள்ள போகல.

போயி அவ கையைப் பிடிச்சு, வாட்டி என் தங்கமேன்னு கூட்டிட்டு வந்திருக்கலாம். நாலடிதான். ஆனா எனக்கு அந்த நேரத்துல என்ன கணக்கு ஓடிச்சு தெரியுமா? அதிகாரி மாசிக்குள்ள திரும்ப வருவேன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. புத்தி மட்டுன்னு நான் சொன்ன பிள்ளை அவரு முன்னாடி எந்திரிச்சு இப்படி வாசிச்சா என் முகத்தை எங்க கொண்டு வைக்க? அடுத்த பெரிய டீச்சர்னு என் பேரு மேல போயிருந்த வருஷம் அது. அப்படியே திரும்பிட்டேன். செருப்புச் சத்தம் கேக்காம நடந்தேன்.

பதிவேட்டுல சிவப்பு மையில எழுதினேன், 'குடும்பம் வெளியூர் சென்றுவிட்டது'ன்னு. அழகான கையெழுத்து. பேரை அடிச்சாச்சு.

ஜூன் மாசம் அவ ஆத்தா அவளைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா. புதுப் பாவாடை போட்டுருந்தா. வெளியூர் போனதா எழுதியிருக்கே, பேரு அடிச்சாச்சே, அங்க உள்ள பள்ளிக்கூடத்துல இருந்து டி.சி. வாங்கிட்டு வான்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. எங்க இருந்து வாங்குவா, அவங்கதான் எங்கயும் போகலையே? நான் ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஆத்தா கும்பிட்டுக் கும்பிட்டுப் பேசுதா. பிள்ளை என் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கி. நான் போர்டு பக்கம் திரும்பி எழுத ஆரம்பிச்சுட்டேன்.

பெரிய டீச்சர் வேலை கிடைச்சுதா? கிடைச்சுது. பதினாலு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தேன். நல்லாசிரியைன்னு சால்வை போட்டாங்க. அந்தச் சால்வை பீரோவுல கிடக்கு. என் கல்யாணப் புடவையைக் கூட எடுத்துப் பாப்பேன், அதை எடுக்க மாட்டேன்.

இந்த ஆஸ்பத்திரிக் கதைக்கு வாரேன். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஆபரேஷன் முடிஞ்சு இதே பெஞ்சுல எங்களை வரிசையா உக்கார வச்சாங்க. சொட்டு மருந்து எப்படி விடணும்னு ஆளுக்கு ஒரு சீட்டு. தமிழ்ச் சீட்டு தீந்துட்டாம், இங்கிலீஷ்தான் இருந்துது. ஒரு பொம்பளை வந்து சொல்லுதா, சீட்டை வாசிக்கத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க, தூக்காதவங்களுக்கு நான் வந்து சொல்லித் தாரேன்னு. எனக்கு ஆள் தெரியல, குரல்தான் எங்கயோ கேட்டாப்ல இருக்கு. நான் சும்மா இருப்பேனா? எம்.ஏ.ல்லா. வலது கையைத் தூக்கினேன். கட்டுப் போட்ட கண்ணை வச்சுக்கிட்டு!

அவ என் பக்கத்துல வந்து நின்னா. "தெரியும் டீச்சர். உங்களுக்கு வாசிக்கத் தெரியும்"னா. சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா.

டீச்சர்னு கூப்பிட்ட உடனே காதைத் தீட்டிக்கிட்டேன். பக்கத்துல இருந்த கிழவருக்கு அவ சீட்டை வாசிச்சா பாருங்க, ஒரு வரி இங்கிலீஷ், அதுக்குத் தமிழ் அர்த்தம், பிறகு அடுத்த வரி. முப்பது வருஷம் ஆனாலும் அதை மறக்க முடியுமா? வாசல்ல கேட்ட அதே வாசிப்பு. இன்னொரு ஆயாகிட்ட விசாரிச்சேன். எட்டாவதைத் தனியாப் பரீட்சை எழுதினாளாம். நர்சுக்குப் படிக்கணும்னு ஆசையாம், வீட்ல முடியல, வயசும் போச்சு. பதினோரு வருஷமா இங்க அட்டெண்டராம். டாக்டரம்மா எழுதுற கோழிக் கிறுக்கலை நர்சுமாருக கூட இவகிட்டத்தான் கொண்டுவந்து கேப்பாங்களாம்.

நான் வீட்டுக்குப் போயி சீட்டை வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு எழுத்துத் தெரியல. எல்லாம் எறும்பு ஊருது. பக்கத்து வீட்ல ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருக்கு. கேட்ருக்கலாம். இங்கிலீஷ் டீச்சர் போயி ஒன்பதாவது பிள்ளைகிட்ட இங்கிலீஷ் சீட்டை நீட்டவான்னு கேக்கல. குத்துமதிப்பா விட்டேன். ஆறு வேளை விட வேண்டியதை ரெண்டு வேளை, ரெண்டு வேளை விட வேண்டியதை ஆறு வேளை. கண்ணு செக்கச்செவேல்னு வீங்கிப் போச்சு. இன்னைக்கு டாக்டரம்மா, படிச்சவங்கதானே நீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. நல்லாக் கேக்கட்டும்.

புதுச் சீட்டு இது. அதான் உங்களை வாசிக்க விடல. இன்னைக்கு அவகிட்டக் கேட்ரணும். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை, சொல்லிட்டா...

என்னம்மா? வந்துட்டாளா? நீலச் சேலையா? சரி, நீங்க பேசாம இருங்க. அவ கேக்கட்டும்.

போயிட்டாளா? கதவுக்கு அந்தப் பக்கம் போயிட்டாளா?

நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க. சீட்டு வாசிக்கத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்கன்னா. நான் எந்தக் கையைத் தூக்கினேன்? இடது கைதானே? ஆமா. உங்களுக்கும் இங்க இருக்கிற ஒருத்தருக்கும் அது விளங்கியிருக்காது. அவளுக்கு விளங்கிட்டு. நேரா என்கிட்ட வந்தா பாத்தீங்களா? பிறகு என் முன்னாடி குத்தவச்சு உக்காந்து சீட்டை வாங்கினா.

மத்தவங்களுக்கு மருந்துப் பேருல இருந்துதான் ஆரம்பிப்பா. எனக்கு மேல இருந்து வாசிச்சா. ஆஸ்பத்திரி பேரு, தெருப் பேரு, போன் நம்பர், என் பேரு, என் வயசு, எல்லாம் இங்கிலீஷ்ல. ஒண்ணை விடல. நடுவுல ஒரு மருந்துப் பேரைத் தப்பா உச்சரிச்சா. எனக்குத் திருத்தம் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டும்மா. பாத்துக்கோங்க என் புத்தியை. முழுங்கிட்டேன். கடைசி வரி வரைக்கும் வாசிச்சு முடிக்க விட்டேன்.

அப்பதான் சொன்னேன். மன்னிப்புன்னு வாயில வரல. உங்க வீட்டுக்கு நான் வந்தேன் தாயி, வாசல் வரைக்கும் வந்தேன், நீ வாசிச்சதைக் கேட்டேன், வெளியூர் போயிட்டீங்கன்னு எழுதினது நான்தான்னு சொன்னேன். அவ என் காதுகிட்டக் குனிஞ்சு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது.

"தெரியும் டீச்சர். சாக்குக்குக் கீழ உங்க செருப்பு தெரிஞ்சுது. நீங்க கேக்கணும்னுதான் சத்தமா வாசிச்சேன். உள்ள வருவீங்கன்னு நெனச்சேன்."

குரல்ல கோவம் கிடையாது. கோவப்பட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தா நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன். சீட்டை மடிச்சு, ரெண்டு சொட்டு மருந்து பாட்டிலையும் என் வலது கையில வச்சு, சிவப்பு மூடி ஆறு தடவை, வெள்ளை மூடி ரெண்டு தடவைன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

என்னது? இடது கை இன்னும் மேலயே இருக்கா? இருக்கட்டும்மா. இறக்கச் சொல்ல வேண்டியவ சொல்லாமப் போயிட்டா.